சொந்தக் கணினிக்குள் நுழைய ஓர் அனுமதிச்சீட்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். புது மடிக்கணினி வாங்கியிருக்கிறாராம். வந்து 'பூட்டித்' தர வேண்டுமாம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பூட்டுவது என்றால் பொருத்தி, இயங்கச் செய்து தருவது. மற்றவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. அன்று மாலைக்குள் இரண்டு பொருளும் சரியாகத்தான் இருந்தன.

பெரியப்பாவுக்கு வயது 78. ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 20 வருடங்களாகத் தன் ஊரைப் பற்றி எழுதி வருகிறார்: கோயில் திருவிழா, தோட்டக் கிணறுகள், இடம்பெயர்ந்த நாட்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய 400 பக்கங்கள். பழைய கணினி திணற ஆரம்பித்ததால், அவற்றைப் பத்திரமாக மாற்றி வைக்கத்தான் இந்தப் புதுக் கணினி.

மொழி, நாடு, விசைப்பலகை என்று முதல் திரைகள் சுலபமாகக் கடந்தன. பிறகு ஒரு திரை வந்து நின்றுவிட்டது. நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழையுங்கள், இல்லையென்றால் புதுக் கணக்குத் திறவுங்கள் என்றது. 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு பொத்தான் இல்லை. முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி, கைத்தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். பெரியப்பாவுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. கைத்தொலைபேசியும் இல்லை. யாரோ எப்போதோ திறந்து கொடுத்த ஒரு மின்னஞ்சல் இருந்தது. அதன் கடவுச்சொல் நினைவில் இல்லை. மீட்புக் குறியீடு போவதோ கல்கரியிலிருக்கும் மகனின் பழைய எண்ணுக்கு. அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. (நிறுவனங்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் ஏதோ ஒரு திரையில் வாய்த்திருக்கும்.)

"தம்பி, காசு குடுத்து வாங்கின சாமான். கடைக்காரன் பற்றுச்சீட்டும் தந்திட்டான். பிறகு ஆரிட்டை அனுமதி கேக்கவேணும்?" என்றார் பெரியப்பா.

பொறியியலில் முதுகலை படித்து, பத்து வருடங்களுக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். சட்டென்று பதில் வரவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினியில் 'கணக்கு' என்பது இரண்டு வகைப்படும். முதலாவது உள்ளகக் கணக்கு. நீங்கள் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கிறீர்கள். கணினி அந்தக் கடவுச்சொல்லைக் கணித முறையில் உருமாற்றித் தன் வன்தட்டிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை நீங்கள் தட்டுவதை அதே விதமாக உருமாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். இதற்கு இணையம் தேவையில்லை. இரண்டாவது இணையக் கணக்கு. இதில் நீங்கள் யார் என்று சொல்வது நிறுவனத்தின் வழங்கி. அது சரி என்று சொன்ன பிறகுதான் கணினி உங்களை ஏற்கும். முதல்முறை நுழைந்தபின் அந்தச் சான்றின் நகல் கணினியிலேயே தங்கிவிடுவதால், மறுநாள் இணையம் இல்லாவிட்டாலும் நுழைய முடியும். இதிலிருந்து ஒன்று தெரிகிறது: கணினி வேலை செய்ய இணையக் கணக்கு தொழில்நுட்பத் தேவை இல்லை. அது ஒரு வியாபாரத் தீர்மானம்.

இந்தத் தீர்மானம் படிப்படியாக வந்தது. உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் விண்டோஸையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் கணினிக்குள் நுழையும் வசதி அறிமுகமானது. அப்போது அது ஒரு தெரிவு மட்டுமே. விண்டோஸ் 10 காலத்தில் உள்ளகக் கணக்குக்கான வழி மெல்ல மெல்ல மூலைக்குத் தள்ளப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்க இணைய இணைப்பும் கணக்கும் கட்டாயமாயின. 2022-இல் சொந்த உபயோகத்துக்கான ப்ரோ பதிப்புக்கும் இது நீண்டது. விவரம் தெரிந்தவர்கள் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி இதைத் தாண்டிப் போனார்கள். 2025-இல் சோதனைப் பதிப்புகளில் அந்தச் சந்துகளையும் ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்ற வீட்டுப் பயனர்களுக்கும், காசு கொடுத்தாலும்கூட, ஒரு கணக்கு வேண்டும் என்றே அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஆப்பிளின் மேக் கணினியில் கணக்குத் திரையைத் தாண்டிப் போக வழி உண்டு. குரோம்புக் கூகுள் கணக்கைச் சுற்றியே கட்டப்பட்டது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தளங்கள் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்பதோடு சரி.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்படுகிறது. கணினி திருடு போனாலும் திருடனால் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் ஏதாவது கோளாறு வந்தால், விண்டோஸில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று தேவைப்படும். அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆகவே இணையக் கணக்கில் சேமித்து வைக்கிறார்கள். மறந்த கடவுச்சொல்லைப் புதுப்பிப்பதற்கும், ஆவணங்களின் நகலைத் தொலைவில் காப்பதற்கும் கணக்கு உதவுகிறது. கூடவே மேகச் சேமிப்பு, மாதச் சந்தா, விளம்பரம் ஆகியவற்றுக்கான வாசலும் அதுதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாவி வேறொருவரிடம் இருக்கும்போது, அவரைச் சென்றடையும் பாதையும் முக்கியமாகிவிடுகிறது. டொராண்டோக்காரர்களுக்கு 2022 ஜூலை 8 நினைவிருக்கும். அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் விழுந்தது. பராமரிப்பின்போது செய்த ஒரு மாற்றம்தான் காரணம். 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் இன்டராக் அட்டைகள் செல்லவில்லை. 911-ஐ அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். அன்று ஒருவர் கடையில் கணினி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்த அந்த ஒரே இணைப்பை நம்பி அமைக்க உட்கார்ந்திருந்தால், பழுதே இல்லாத இயந்திரம் வெறும் பலகைபோல் கிடந்திருக்கும்.

பாதை சரியாக இருந்தாலும் அடுத்த முனையில் இருப்பவர் மறுக்கலாம். 2025 ஜூலையில் இந்தியாவில் அது நடந்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நாயரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்னெஃப்ட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்த சில நாட்களில், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. தன் தகவல்களே தனக்கு எட்டவில்லை என்று நாயரா டில்லி உயர்நீதிமன்றம் போனது. சில நாட்களில் சேவைகள் திரும்பக் கிடைத்தன. அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் வக்கீல் வைத்து நீதிமன்றம் போக முடிந்தது. ஸ்கார்பரோவில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு ஆசிரியர் எங்கே போவார்?

கனடாவில் இதைத் தொடும் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் தனிமனிதத் தகவல்களைக் கையாள்வது பற்றி 2000-இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம் அது. ஒரு பொருளையோ சேவையையோ தருவதற்கு நிபந்தனையாக, குறிப்பிட்ட நியாயமான நோக்கத்துக்குத் தேவையானதற்கு மேல் தகவல் கேட்கக்கூடாது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. வன்தட்டில் ஒரு கட்டுரை தட்டெழுதப் பிறந்த தேதி எதற்கு என்ற பெரியப்பாவின் கேள்வியும் இந்தக் கொள்கையின் கேள்வியும் ஒன்றுதான். ஆனால் நோக்கம் என்ன என்று முதலில் வரையறுப்பதே நிறுவனம் என்பதால், வாதம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாமினியை நினைத்துப் பார்க்கிறேன். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகத் தெரியும். அதுவும் ஒரு பூட்டுத்தான். ஆனால் அதன் சாவி ஒரு நெகிழ்வட்டில் அடங்கிய சின்னக் கோப்பு. கையோடு கொண்டு போனோம், நண்பருக்கும் நகலெடுத்துக் கொடுத்தோம். இன்று அதை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. யாரிடமும் கணக்குத் திறக்காமல் அந்த 400 பக்கங்களும் 20 வருடம் தாண்டி வந்துவிட்டன.

கடைசியில் என்ன செய்தேன்? புதுக் கணக்குத் திறந்து, என் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். வேறு வழி உடனே தெரியவில்லை. அமைத்து முடித்தபின், கணினியிலேயே ஓர் உள்ளகக் கணக்கையும் உருவாக்கி, அதற்கு நிர்வாக உரிமை கொடுத்தேன். மீட்புக் குறியீடுகளை அச்சடித்தேன். 400 பக்கங்களையும் மறையாக்கம் இல்லாத வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும்போது இந்த மூன்றையும் தவறாமல் செய்யுங்கள். எழுதவும் படிக்கவும் மட்டும் கணினி வேண்டும் என்றால், லினக்ஸையும் யோசித்துப் பாருங்கள்.

பெரியம்மா அந்தத் தாளை வாங்கி, குடியுரிமைப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். புறப்படும்போது பெரியப்பா வாசல்வரை வந்தார்.

"தம்பி, உன்ரை போன் நம்பரை மாத்திப்போடாதை" என்றார்.

மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.