விளையாட்டுக் கணினி: வாங்குவதா, பொருத்திக்கொள்வதா?

வீட்டில் முதன்முதலாக விளையாட்டுக் கணினி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், அதனை ஒட்டி மற்றொரு கேள்வியும் எழுகிறது. கடையில் முழுமையாகச் செய்து வைத்திருக்கும் பொறியை அப்படியே வாங்கிவிடுவதா? அன்றி, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்திக்கொள்வதா? கேட்பவர் பெரும்பாலும் பள்ளியிறுதி வகுப்பை முடித்தவர், அல்லது கல்லூரியில் காலடி வைத்தவர். பணம் கொடுப்பவரோ, அப்பொறியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாத தந்தை அல்லது தாய். 70,000 ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. அது தகாத பொருளில் முடங்கிவிட்டால் மறுபடியும் சேர்க்கச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே இதனை இளைஞர்களின் வெறும் வாதம் என்று தள்ளிவிடாமல் சற்று நின்று ஆராய்வது தகும்.

கணினியை வீட்டில் பொருத்துவது எங்ஙனம் இயலுகிறது என்பதை முதலில் பார்ப்போம். குளிர்பதனப் பெட்டியையோ சலவை இயந்திரத்தையோ எவரும் உறுப்பு உறுப்பாக வாங்கிப் பொருத்துவதில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் 1981-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பெரும்பாலும் பிறர் செய்த உறுப்புகளைக் கொண்டே அமைந்தது. அதன் பிராசஸர் இன்டெல் நிறுவனத்துடையது; அதனை இயக்கும் மென்பொருள் மைக்ரோசாப்ட் அளித்தது. அதன் அமைப்பு முறையையும் ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டது. எனவே பிறரும் அதே முறையில் பொறி செய்யத் தொடங்கினர். 1982-இல் காம்பேக் நிறுவனம் அறிவித்த கணினி அவற்றுள் புகழ் பெற்றது. பின்னர் 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. மதர்போர்டின் திருகு துளைகள் எங்கெங்கு இருத்தல் வேண்டும், மின்சாரம் எந்த இணைப்பின் வழியே வருதல் வேண்டும் என்பன போன்றவை அதனால் பொதுவாயின. ஒரு நாட்டில் செய்த மதர்போர்டு வேறொரு நாட்டில் செய்த கேபினெட்டில் பிசகின்றி உட்காருவது இந்த ஏற்பாட்டின் பயனே. சைக்கிள் கடையில் சட்டத்தையும் சக்கரத்தையும் மிதிகட்டையையும் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்துக் கண்ணெதிரே பூட்டித் தருவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? கணினியும் அவ்வகைப் பொருளே.

விளையாட்டுக் கணினிக்கும் அலுவலகக் கணினிக்கும் உள்ள வேறுபாடு, முதன்மையாக, கிராபிக்ஸ் கார்டு என்னும் ஒரே உறுப்பில் அடங்கியிருக்கிறது. நொடிக்கு 60 படங்கள் வீதம் திரையில் காட்ட வேண்டுமெனின், ஒவ்வொரு படத்தையும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் வரைந்து முடித்தல் வேண்டும். அந்தப் பெரும்பணியைச் செய்வது இந்த உறுப்பே. ஆதலின் செலவிடும் தொகையில் மிகப் பெரிய பங்கு இதற்கே போதல் முறை. ஆயத்தப் பொறிகளை விற்பவர் விளம்பரத்தில் பிராசஸரின் பெயரையும் ராமின் அளவையும் பெரிய எழுத்தில் அச்சிடுவர். கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பெயரின் கடைசி எழுத்து வரையில் படித்தல் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050 என்னும் கார்டு 2022-இல் 8 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. 2024-இல் அதே பெயரில் 6 ஜி.பி. கொண்ட மற்றொன்று வந்தது. குறைந்தது நினைவகம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கணக்கிடும் கூறுகளும் இரண்டாவதில் குறைவு, நினைவகத்தோடு பேசும் பாதையும் குறுகியது. பெயரோ ஒன்றே!

விளம்பரம் வாய் திறவாத இடங்கள் வேறு சிலவும் உண்டு. 16 ஜி.பி. ராம் என்று கூறி ஒரே துண்டாக வைத்திருப்பார்கள். எட்டெட்டாக இரண்டு துண்டுகள் இருந்தால் இரு பாதைகளில் செய்தி செல்லும். பல விளையாட்டுகளில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். எந்த நிறுவனத்துடையது என்பதைப் பலர் குறிப்பிடுவதே இல்லை. நம் கருத்தில், ஒரு பொறியைச் செய்தவரின் நேர்மையை அளக்க அதன் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றே போதும். அதில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், ஒரு நாள் அதனோடு கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும்.

இவ்வளவு கூறியதால் ஆயத்தப் பொறி ஆகாது என்று கொள்ளலாகாது. அதற்குரிய சிறப்பு பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பதாகும். பழுது எதில் என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. பொறி இயங்கவில்லை என்று தெரிவித்தால் போதும். பெரிய நிறுவனங்கள் பல, உத்தரவாதக் காலத்தில் பணியாளரை வீட்டிற்கே அனுப்புகின்றன. பெருநகரிலிருந்து இரவுப் பயணத் தொலைவிலுள்ள ஊரில் வாழ்பவருக்கு இது சிறு உதவியன்று. விண்டோஸ் மென்பொருளும் முறையான உரிமத்தோடு உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் உத்தரவாதம் பல பொறிகளுக்கு ஓராண்டே. பதின்மூன்றாம் மாதத்தில் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே எண்ணிப் பார்த்தல் நலம். சில பெரிய நிறுவனங்கள் மேற்கூறிய பொது அளவுமுறையைக் கைவிட்டுத் தமக்கே உரிய வடிவில் மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் செய்கின்றன. அத்தகைய பொறியில் ஓர் உறுப்பு கெட்டால் கடைத்தெருவில் அதற்கு இணை கிடைப்பது அரிது; பெரிய கார்டைப் பின்னாளில் சேர்க்க நினைத்தாலும் மின் இணைப்பு இடம் தராது. வாங்குமுன் கடைக்காரரிடம், “இதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியில் வாங்கி மாற்றலாமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டல் வேண்டும். அதற்கு வரும் விடையிலிருந்து பொறியின் ஆயுளை ஓரளவு கணித்துவிடலாம்.

மடிக்கணினியைப் பற்றி ஒரு சொல். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அதுவே வழி. மற்றவர்க்கு, அதே விலையில் மேசைக் கணினி கூடுதல் ஆற்றல் தரும். நாளடைவில் உறுப்பு மாற்றவும் இடம் தரும்.

இனி, தாமே பொருத்துவோரின் வழிக்கு வருவோம். தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சந்தை, சென்னையில் ரிச்சி தெரு என, நம் பெருநகர்களில் இதற்கென்றே கடைத்தெருக்கள் இருக்கின்றன. அங்கே செல்லுமுன், எது எதனோடு சேரும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். பிராசஸர் உட்காரும் சாக்கெட் வகைக்கு வகை மாறும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2024-இலும் அதற்குப் புதிய பிராசஸர்கள் வெளியாயின. இன்டெல் 2021-இல் கொணர்ந்த சாக்கெட்டை 2024-இல் புதுத் தலைமுறைக்காக மாற்றிவிட்டது. பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். டி.டி.ஆர்.4 ராமும் டி.டி.ஆர்.5 ராமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், வெட்டுப் பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. கார்டின் நீளம் கேபினெட்டின் உள்ளளவுக்கு அடங்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பொருத்தும் வேலை அஞ்சத்தக்கதன்று. ஒரு திருப்புளியும், நல்ல வெளிச்சமும், அரைநாள் பொறுமையும் போதும். ஆயினும் முதன்முறை செய்பவர் வழுக்கும் இடங்கள் சில உண்டு. இக்காலத்துப் பிராசஸர்கள் பலவற்றிற்கு ஊசிகள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. அவை மிக மெல்லியவை. பிராசஸர் அவற்றின்மேல் சாய்வாக விழுந்தால் வளைந்துவிடும். அவ்வாறு வளைந்தவற்றுக்கு உத்தரவாதம் கிடைக்காது. மதர்போர்டின் கீழே கேபினெட்டில் பித்தளைக் கால்களை முடுக்க மறந்தால் தகடு தகட்டைத் தொட்டு மின்சுற்று குறுகும். பிராசஸருக்கெனத் தனியே வரும் மின் இணைப்பைச் செருகாமல் விட்டுவிட்டு, விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்று திகைப்பவர் பலர். தில்லி போன்ற வட இந்திய நகர்களின் வறண்ட குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையுடன் வேலையில் இறங்கினால், உடலில் சேரும் நிலைமின்சாரம் உறுப்புகளைக் கெடுக்கக்கூடும். கேபினெட்டின் வெற்று உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்வது எளிய காப்பு.

மெய்யான இடர் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாம் செருகியாயிற்று, பொத்தானை அழுத்தியாயிற்று, கடைத்தெருவினர் சொல்வதுபோல் ‘டிஸ்பிளே வரவில்லை’. பழுது ராமிலா, மதர்போர்டிலா, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலா? அதனை அறிய எளிய வழி, ஒவ்வொன்றாக வேறோர் உறுப்பை இட்டுப் பார்ப்பதே. கடைக்காரரிடம் மாற்று உறுப்புகள் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் கண்டுவிடுவார். முதல் கணினியைப் பொருத்துகின்றவரிடம் மாற்று உறுப்பு ஏது? ஒவ்வொரு பொருளுக்கும் உத்தரவாதம் தனித்தனியே இருப்பதால், பழுதான உறுப்பு இதுவே என்று அறியாமல் எந்தச் சேவை நிலையத்தின் வாயிலுக்கும் போக இயலாது. சிக்கனத்தையும் பெருமையையும் பற்றிப் பேசுவோர் இந்த ஒரு மாலைப் பொழுதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் நம் நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் மூன்றாம் வழி நினைவுக்கு வருகிறது. உறுப்புகளை நாம் தேர்ந்து, கடைக்காரரையே பொருத்தித் தரச் செய்வதுதான் அது. ‘அசெம்பிள்’ செய்த கணினி என்று மக்கள் அதனைக் குறிப்பிடுவர். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குள் நுழைந்த கணினிகளுள் பல அவ்வாறு வந்தவையே. பொறி அங்கேயே உயிர்பெறுவதைக் கண்ட பின்னரே வீட்டிற்கு எடுத்து வருகிறோம். உறுப்புகளும் பொது அளவுமுறையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. இதிலும் விழிப்பு வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் எழுத்து மூலமாகக் கொட்டேஷன் பெறுதல் வேண்டும். மொத்தத் தொகை குறைவாக இருக்கும் தாளில் எஸ்.எம்.பி.எஸ். வரியையும் மதர்போர்டு வரியையும் உற்று நோக்கினால், குறைவுக்குக் காரணம் அங்கே தென்படலாம். பெட்டிகளின் முத்திரையை நம் எதிரிலேயே பிரிக்கச் சொல்லலாம். “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்ற குரலும் அத்தெருக்களில் கேட்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்தும் ஆசையில் பில்லைத் துறப்பவர், கார்டுக்கும் பிராசஸருக்கும் பொதுவாகக் கிடைக்கும் மூன்றாண்டு உத்தரவாதத்தையும் சேர்த்தே துறக்க நேரிடும். ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் ஏறியிருத்தல் வேண்டும். இலவசமாக ஏற்றித் தரும் உரிமமற்ற விண்டோஸையும் மறுத்துவிடுவதே முறை.

விலையில் எது மலிவு என்று கேட்டால், அதற்கு என்றும் மாறாத விடை இல்லை. 2020 முதல் 2022 வரை கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும் பஞ்சம் நிலவியது. பெருந்தொற்றும், மறைநாணயம் ‘தோண்டுவோர்’ கார்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டதும் அதற்குக் காரணங்கள். அக்காலத்தில் கார்டைத் தனியே வாங்குவதைவிட முழுப் பொறியை வாங்கியோர் பலமுறை ஆதாயம் அடைந்தனர். 2022 செப்டம்பரில் எதிரியம் என்னும் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. முதல் கணினிக்கு அத்தகையவற்றை நாம் பரிந்துரைப்பதில்லை. 2025-இன் இறுதியில் ராமின் முறை வந்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெரும்பசிக்கு நினைவகச் சில்லுகள் திருப்பப்பட்டமையால் விலை விரைந்து ஏறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு ராம் விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய நாட்களில், பழைய விலைக்குச் சரக்கெடுத்த ஆயத்தப் பொறி, உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிட மலிவாக இருப்பதும் உண்டு. வாங்கும் வாரத்தில் இரண்டையும் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் தீர்ப்பைக் கேட்பின், கடைத்தெரு எட்டும் தொலைவில் இருப்போர்க்கு மூன்றாம் வழியே முதல் கணினிக்கு ஏற்றது. பொருத்தும்போது இளைஞரும் அருகில் நின்று பார்க்கட்டும். பின்னர் ராம் சேர்ப்பதையும் கார்டு மாற்றுவதையும் அவரே செய்துகொள்வார். எட்டாத ஊரில் இருப்போர், வீட்டிற்கு ஆள் வரும் ஆயத்தப் பொறியை, எஸ்.எம்.பி.எஸ். பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டு, வாங்கலாம்.

பொறி வீட்டிற்கு வந்தபின், தரை இணைப்புள்ள மின்செருகியில்தான் அதனை இணைத்தல் வேண்டும். யு.பி.எஸ். வாங்குவோர் வி.ஏ. என்ற எண்ணைக் கண்டு மயங்கலாகாது, 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்டே தாங்கும். திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டிலேயே செருகுதல் வேண்டும். மாற்றிச் செருகிவிட்டு, வாங்கிய கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடியவர் உண்டு. முதல் வாரத்திலேயே கனமான விளையாட்டு ஒன்றை நாள்தோறும் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே குறையுள்ள உறுப்பு பெரும்பாலும் அந்நாட்களில் தன்னைக் காட்டிக்கொள்ளும். கடைக்காரரும் அப்போது எளிதில் மாற்றித் தருவார். அதுவரை பெட்டிகளைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் ஏற்றி வைத்தல் வேண்டும்.