உங்களுக்குத் தெரியுமா? – பாட்டுக்காரர்களே திணறும் போட்டி!

● ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2005-ல் தொடங்கியது 'ஸ்பிக்ஸ் அண்ட் ஸ்பெக்ஸ்' என்ற இசைப் போட்டி. அணிக்கு மூன்று பேர். கேப்டன் நிரந்தரம். மற்ற இருவரும் வாராவாரம் மாறும் பிரபலங்கள். பெரும்பாலும் ஒரு இசைக் கலைஞர், ஒரு காமெடியன். பரிசுப் பணம் கிடையாது. பாயின்ட் போடுவதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான்!

● நிகழ்ச்சியின் பெயர், பீ ஜீஸ் இசைக்குழுச் சகோதரர்கள் 1966-ல் வெளியிட்ட பாட்டின் தலைப்பு. ஆஸ்திரேலியாவில் இனிமேல் தேறாது என்று 1967 தொடக்கத்தில் அவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். அதே சமயத்தில்தான் இந்தப் பாட்டு அங்கே சக்கைப்போடு போட்டது.

● நிகழ்ச்சியில் 'சப்ஸ்டிட்யூட்' என்றொரு சுற்று. விருந்தாளி கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. அதிலுள்ள வரிகளை ஒரு பிரபல பாட்டின் மெட்டில் பாட வேண்டும். என்ன பாட்டு என்று சக அணியினர் கண்டுபிடிக்க வேண்டும். கேட்க எளிது. பிரஷர் குக்கரோடு வரும் கையேட்டை இளையராஜா மெட்டில் ஒரு பக்கம் பாடிப் பாருங்கள், தெரியும்! கண் வாசிக்கும் சொல்லுக்கும் மனதில் ஓடும் மெட்டுக்கும் சண்டை வந்துவிடும். நீளமான சொல் தாளத்துக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதை எங்கே முழுங்குவது, எங்கே இழுப்பது என்று முழிப்பதற்குள் பல்லவி போய்விடும். நல்ல பாடகர்களும் தடுமாறுவது இங்கேதான்.

● பெயரைக் கேட்டாலே திகீர் என்கிற சுற்றும் உண்டு: 'இசைக் கலைஞரா, தொடர் கொலைகாரரா?'

● தொகுப்பாளர் ஆடம் ஹில்ஸ் பிறவியிலேயே வலது பாதம் இல்லாதவர். செயற்கைக் காலோடு மேடை ஏறும் நகைச்சுவைக் கலைஞர். ஆஸ்திரேலிய தேசிய கீதத்தை ராக் பாடகர் ஜிம்மி பார்ன்ஸின் 'ஒர்க்கிங் கிளாஸ் மேன்' மெட்டில் பாடி மேடையில் அசத்தியவர். சப்ஸ்டிட்யூட் சுற்றை நடத்த வேறு யார் வேண்டும்?

● 2011-ல் நிகழ்ச்சி முடிந்தது. 2014-ல் புது ஆட்களை வைத்து நடத்தினார்கள். ஒரு சீசனோடு சரி. 2021-ல் ஹில்ஸும், பழைய கேப்டன்கள் ஆலன் பிரௌ, மிஃப் வார்ஹர்ஸ்ட் இருவரும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

● இதற்கு முன்னோடி பிரிட்டனில் உண்டு. பி.பி.சி. டூவில் 1996-ல் ஆரம்பித்த 'நெவர் மைண்ட் த பஸ்காக்ஸ்'. ஒரு சுற்றில் அணியின் இருவர் கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் வாயாலேயே வாசிப்பார்கள். அந்த முன்னிசையை வைத்து மூன்றாமவர் பாட்டைச் சொல்ல வேண்டும். இன்னொரு சுற்று, ஆள் அடையாளம் காட்டும் அணிவகுப்பு. ஒரு காலத்தில் ஓஹோவென்று இருந்த கலைஞரை வேறு சிலரோடு வரிசையில் நிற்க வைத்து, 'இவர்களில் அவர் யார்?' என்பார்கள். சிரிக்கலாம்தான், ஆனால் நிற்பவரை நினைத்தால் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

● அங்கே கிண்டலுக்கு எல்லையே கிடையாது. 2007-ல் ஆர்டினரி பாய்ஸ் குழுவின் பாடகர் பிரெஸ்டன் விருந்தாளி. தொகுப்பாளர் சைமன் ஆம்ஸ்டெல், பிரெஸ்டனுடைய மனைவியின் சுயசரிதையை எடுத்து நக்கலாக வாசிக்க ஆரம்பித்தார். மனிதர் பொறுத்துப் பார்த்தார்; பிறகு எழுந்து போய்விட்டார். கேப்டன் பில் பெய்லி அசரவில்லை. பார்வையாளர்களில் ஒருவரைக் கூட்டி வந்து காலி நாற்காலியில் உட்கார வைத்தார். போட்டி தொடர்ந்தது!