மூச்சைப் பிடிக்காதீர்கள்!

தர்மபுரி ஜில்லாவில் கடல் இல்லை. ஆனால் தண்ணீரில் மூழ்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமும் இல்லை. முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகி, பிறகு குடுவையை உதறிவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து காட்டுவது கிராமத்துப் பிள்ளைகளின் பரம்பரைப் பெருமை. யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார் என்பதில்தான் பந்தயமே!

அப்படிப் பழகியவர்கள் கல்யாணமாகி, விடுமுறைக்கு அந்தமானுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஹாவ்லாக் என்று வழங்கி, 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய இடத்தில் 'ஸ்கூபா' கற்றுத் தரும் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று நான்கு நாள் பாடம். 200 மீட்டர் நீந்த வேண்டும். பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். கடலில் நான்கு முறை மூழ்கி எழ வேண்டும். தேறினால் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் ஆழம் வரை, துணையுடன் இறங்கலாம்.

அங்கே ஆசிரியர் சொல்லும் முதல் பாடம் என்ன தெரியுமா? "மூச்சைப் பிடிக்காதீர்கள்!"

கிணற்றில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது கடலில் ஆபத்தாகிவிடுவது ஏன்? முத்துக் குளிப்பவர் கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்குகிறார். ஆழத்தில் அது சுருங்குகிறது. மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. வம்பில்லை. ஸ்கூபாக்காரரோ ஆழத்திலேயே உருளைக் காற்றைச் சுவாசிக்கிறார். (அது பிராணவாயு அல்ல, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது.) பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய வாங்கிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன, ரப்பர் பலூனா?

1943-ல் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அமைத்த கருவியின் வழி வந்ததுதான் இன்றைய ஸ்கூபா. கேட்கிற போது கேட்கிற அழுத்தத்தில் காற்றுத் தரும். மனிதர் செய்ய வேண்டியது நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பது ஒன்றுதான்.

அரக்குச் சேலை கறுப்பாகும்

கீழே கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நிறங்களை நம்பாதீர்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. அரக்குப் பட்டு அங்கே மங்கிக் கறுத்துத் தெரியும். விளக்கைக் காட்டினால் நிறம் திரும்பும்! பவளத்தைத் தொடாதீர்கள், அது கல் அல்ல, உயிர்க் கூட்டம். ஞாபகத்துக்கு ஒரு துண்டு என்று ஒடித்து வருவது சட்டப்படி குற்றம்.

காது வலித்தால் மேலும் இறங்காமல், வலி நிற்கும் வரை சற்று மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரி செய்ய வேண்டும். ஜலதோஷம் இருந்தால் அன்று கடல் வேண்டாம். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் மூழ்கவே கூடாது. சந்தேகம் இருந்தாலும் கரையில் இருப்பதே நல்லது.

கட்டை விரலின் அர்த்தம்

முத்துக் குளிப்பவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். அக்காள் தங்கை தாலிக்கு அவன்தானே காவல்! ஸ்கூபாவில் கயிறு இல்லை. துணைக்கு வருபவரே மச்சான். தம்பதி சேர்ந்து மூழ்கினால் ஒருவருக்கொருவர் அந்தக் காவல்.

தண்ணீருக்குள் பேச முடியாது; கைதான் பேசும். விரலை வளையமாக்கினால் 'சௌக்கியம்'. கட்டை விரலை உயர்த்தினால் 'பேஷ்' அல்ல. 'மேலே போவோம்' என்று அர்த்தம். புதிதாகத் தேறியவர்களுக்கு இதுதான் பெரிய பரீட்சை. "இவ்வளவு செலவழித்து வந்தோமே, அவர் ஆசையைக் கெடுப்பானேன்?" என்று மனைவி வலியை மறைப்பதும், "பயந்தாங்கொள்ளி என்பாளே" என்று கணவர் மறைப்பதும் நடக்கக்கூடியதுதான். வேண்டாம்! யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல் விரலை உயர்த்தலாம். மற்றவர் மறுபேச்சின்றி உடன் எழ வேண்டும். இது மரியாதை அல்ல, விதி.

எழுவதிலும் அவசரம் ஆகாது. நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நிற்பது நல்லது. சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதல்லவா? ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் அப்படித்தான் குமிழாகக் கிளம்பும்.

விமானத்தில் ஏறினாலும் அதே கதைதான். மேலே அழுத்தம் குறைவு. ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழித்தே பறக்க வேண்டும். ஆகவே, விடுமுறையின் கடைசி நாளைக் கடலுக்குக் கொடுக்காதீர்கள், சகோதரிகளே! கடைவீதிக்குக் கொடுங்கள். கணவர் முணுமுணுத்தால், வைத்திய சாஸ்திரமே அப்படித்தான் சொல்கிறது என்று சொல்லிவிடுங்கள்.