வீடும் விடுதலையும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் குடியிருப்புப் பிரச்சினை பற்றிய சில குறிப்புகள்

1

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே மனை என்றும் விடுதலை என்றும் இரு பொருள் உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை வகுத்த மரபு இரண்டாவது பொருளை மறுமைக்கு உரியதாக்கிற்று. முதலாவது பொருளைத்தானும் தமக்கு உரியதாகச் சொல்லவியலாத மக்கட் பிரிவொன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டிலே வாழ்ந்து வருகிறது. தோட்டத்துத் தமிழர் தம் குடியிருப்பை லயம் என்பர். அதன் ஓர் அறையைக் காம்பிரா என்பர். முன்னையது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு; பின்னையது போர்த்துக்கேயர் வழி வந்தது. சொற்கள் இரண்டுமே கட்டடத்தின் வடிவத்தைச் சுட்டுவன. அதற்குள் வாழ்பவரின் உரிமையைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை. இம்மௌனத்தின் பின்னாலுள்ள சமூக உறவினைப் பெல்மதுளைப் பகுதியை நினைவிலிருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், தெற்கே எம்பிலிப்பிட்டியவுக்குப் பாதை பிரியும் சந்தியில் அமைந்தது பெல்மதுளை. தேயிலையும் இறப்பரும், சிங்களக் கிராமங்களும், வயல்களும், இரத்தினக்கற் குழிகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலப்பரப்பு இது. நுவரெலியாவிற் போன்று மலை மலையாகத் தொடரும் தமிழ்க் குடியிருப்புகளை இங்கே காணவியலாது. கிராமங்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடப்பன இப்பகுதித் தோட்டங்கள். மலையகம் என்றதும் நுவரெலியாவையே எண்ணிப் பழகிய எமது ஆய்வுலகம் சப்பிரகமுவவைப் பெரும்பாலும் மறந்தே வந்துள்ளது.

2

வீட்டுப் பிரச்சினை என்றதும் வாடகை, காணி விலை, வங்கிக் கடன், வட்டி என்பனவே நகரவாசியின் நினைவுக்கு வருவன. அவையும் மெய்யான நெருக்கடிகளே. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் அந்நெருக்கடிகளை மட்டுப்படுத்த எழுந்தவை. முன்னையது வாடகையைக் கட்டுப்படுத்திக் குடியிருப்போரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. பின்னையது பல வாடகைக் குடியிருப்பாளர் தாம் குடியிருந்த வீட்டையே வாங்குவதற்கு வழி திறந்தது. இவ்விரு சட்டங்களும் இயற்றப்பட்ட அதே காலப்பகுதியில், பெல்மதுளைத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்த இறப்பர் வெட்டும் தொழிலாளிக்கு அவற்றால் விளைந்த பயன் யாது? ஏதுமில்லை எனலாம். அவர் வாடகை செலுத்தவில்லை. எனவே சட்டத்தின் கண்ணில் வாடகைக் குடியிருப்பாளர் அல்லர். உறுதிப் பத்திரம் அவரிடம் இல்லை. எனவே உடைமையாளரும் அல்லர். தோட்டத்திலே பெயர் பதிந்த தொழிலாளி என்பதே அவர் அங்கு குடியிருப்பதற்கான ஒரே நியாயம்.

லயம் இலவசமாக வழங்கப்பட்டது என்னும் கூற்று அடிக்கடி செவிப்படுவது. பொருளியல் நோக்கில் இது பொருந்தாது. உழைப்பாளி மறுநாளும் வேலைக்கு வருவதற்கும், அடுத்த தலைமுறை உழைப்பாளியை வளர்ப்பதற்கும் தேவையான செலவே கூலியின் அடிப்படை. அச்செலவின் ஒரு பகுதியைக் காசாகக் கொடாது கூரையாகக் கொடுத்தது தோட்டம். அவ்வாறு கொடுத்ததால் அதற்கு இரு நன்மைகள் விளைந்தன. காசுக் கூலியைக் குறைவாக வைத்திருக்க முடிந்தது. கூலியைப் பற்றிய முரண்பாடு எழுமிடத்து, வேலையோடு கூரையும் போய்விடும் என்னும் அச்சத்தை ஆயுதமாக்கவும் முடிந்தது.

லயத்தின் அமைப்பே இதனை உணர்த்தும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது காம்பிராவின் பரவலான அளவு. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரே வரிசையாக அமைந்தவையும், முதுகோடு முதுகு சேர்த்து இருபுறமும் அறைகள் வைத்துக் கட்டப்பட்டவையும் என இருவகை லயங்கள் உண்டு. பின்னைய வகையிலே பின்சுவருக்குச் சாளரம் வைக்கவும் இடமில்லை. அதிகாலைப் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்டுவதற்கும் கண்காணிப்பதற்கும் ஏற்றதாக வகுக்கப்பட்ட இவ்வமைப்பிலே குடும்பம் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாழ நேர்ந்த பெற்றோரின் சங்கடத்தைத் தெளிவத்தை ஜோசப் தமது ‘மீன்கள்’ என்னும் சிறுகதையிலே பொருளாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். கூரையின் கீழ் வாழ்பவனை வீடற்றவன் என அழைத்த அத்தலைப்பிலே லயத்தின் அரசியற் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருப்பது மனங்கொள்ளத்தக்கது.

3

வேலையோடு பிணைந்த இக்குடியிருப்பு காலப்போக்கிலே குடியுரிமையோடும் பிணைந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானோர் ஏழாண்டுகளும் மணமாகாதோர் பத்தாண்டுகளும் இடையறாது இங்கு வதிந்ததை நிரூபிக்குமாறு கோரிற்று. தம் பெயரில் வீட்டுக்கான சான்று எதுவுமில்லாத மக்களிடமே வதிவுக்கான சான்று கேட்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியோரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது.

இதற்கிடையே 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. முற்போக்காளர் பலர் இதனை வரவேற்றனர். வரவேற்றதிலே நியாயமும் உண்டு. ஆயினும் நிலம் கைமாறிய விதத்தை நோக்குமிடத்து, உழைத்தவனுக்கு அது வந்து சேரவில்லை என்பது தெளிவாகும். தோட்டக் காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, நாடற்ற தொழிலாளிக்கு அதிற் பங்கு கோரும் தகுதி இருக்கவில்லை. 1977 மே மாதம், டெவன் தோட்டத்திலே காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்திற் சிவனு இலட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானது இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம்.

சப்பிரகமுவவில் இதன் விளைவு இன்னும் கொடிது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களிலே இப்பகுதித் தோட்டங்கள் தாக்குதலுக்குள்ளாயின. குறிப்பாக 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரியூட்டப்பட்டன. குடும்பங்கள் பல வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. எரிந்த கட்டடம் தோட்டத்தின் உடைமை. அதனுள்ளே எரிந்த பாத்திரமும் துணியும் பிள்ளைகளின் புத்தகமுமே தொழிலாளியின் உடைமை. மீண்டு வந்து உரிமை கோருவதற்கு அவருக்கென ஓர் அடி நிலமும் இருக்கவில்லை. சிறுபான்மையின் சிறுபான்மையாய்ச் சிதறி வாழ்வோர்க்கு நில உறுதி என்பது வெறும் பொருளாதாரச் சொத்தன்று என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது.

4

இவ்விடத்து நம் வாசகரிற் சிலர் எழுப்பக்கூடிய ஐயமொன்றை எதிர்கொள்ளல் வேண்டும். 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய ஏங்கல்ஸ், தொழிலாளியைச் சிறு வீட்டின் சொந்தக்காரனாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற புரூதோன்வாதிகளைக் கடுமையாக மறுத்தார். சொந்த வீடும் தோட்டமும் தொழிலாளியை ஓரிடத்திற் கட்டிப்போடும் விலங்காகும். அவற்றைக் காட்டியே முதலாளி கூலியைக் குறைப்பான் என்பது அவர் வாதம். 1887இல் எழுதிய முன்னுரையிலும் ஜெர்மன் நாட்டுப்புறக் கைத்தொழிலாளரை எடுத்துக்காட்டி இதனையே வலியுறுத்தினார். அவ்வாறாயின், லயத்து மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கோருவது குட்டிமுதலாளித்துவ மயக்கமாகாதா?

ஆகாது என்பதே எமது கருத்து. ஏங்கல்ஸ் தாக்கியது விலங்கினை. ஜெர்மன் நாட்டுப்புறத்திலே அவ்விலங்கு உடைமையின் வடிவில் இருந்தது. பெல்மதுளையில் அது உடைமையின்மையின் வடிவில் இருக்கிறது. கூலியைக் குறைப்பதற்கும் ஆளைக் கட்டிப்போடுவதற்கும் அங்கே சொந்த வீடு செய்த வேலையை இங்கே லயம் செய்கிறது. முடிவை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஆய்வு முறையைக் கைவிடுவது சூத்திரவாதமேயாம். வீட்டினை வேலையிலிருந்து பிரிப்பது இங்கே நிறைவேறாத சனநாயகக் கடமைகளுள் ஒன்று.

அண்டை நாட்டு அனுபவமும் இதனை அரண்செய்கிறது. தமிழ்நாட்டிலே நிலவுடைமையாளரின் மனையிற் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அம்மனையை உரிமையாக்கியது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1968 டிசம்பரிலே கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின்னணியை மறந்து அச்சட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது. கேரளத்திலே 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், பஞ்சாயத்துப் பகுதிகளின் குடிகிடப்புக்காரர் பத்துச் செண்டு வரை பெற வழிசெய்தது. எமது அளவையில் அது 16 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸின் இரு மடங்குக்கும் மேல். ஆயினும் அதே கேரளத்திலே பெருந்தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. லயங்கள் தோட்ட உடைமையாகவே நீடித்தன. 2020 ஓகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்.

இங்கும் மண்ணே சாட்சி சொல்லியிருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. 2016 மே மாதம் சப்பிரகமுவவின் கேகாலை மாவட்டத்திலே அரநாயக்கவோடு புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டமும் சரிவுக்கு இரையாயிற்று. பாதுகாப்பான நிலத்தைத் தெரிந்து அங்கே குடியேறும் உரிமை இல்லாத மக்கள், தோட்டம் காட்டிய இடத்திலேயே வாழவும் மாளவும் நேர்கிறது. மழை இயற்கையானது, சரிவின் அடியிலே லயம் இருந்தது இயற்கையானதன்று.

5

தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, உழைப்பு தொழிலாளியினது. வீட்டைப் பற்றிக் கேட்குமிடத்து அரசு கம்பனியையும் கம்பனி அரசையும் சுட்டுவதற்கு இவ்வேற்பாடு வசதியாயிற்று. கடன் அடிப்படையில் எழுந்த வீட்டுத் திட்டங்களிலே தவணை சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. அதாவது, புதிய வீடும் பழைய லயத்தைப் போன்றே வேலையோடு கட்டப்பட்டது. 2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் கொள்கை முன்னெடுக்கப்பட்டதும், 2018இல் மலையகப் புதிய கிராமங்கள் அதிகாரசபைக்குச் சட்டம் இயற்றப்பட்டதும், அதே ஆண்டிலே தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் பணியாற்றத் தடையாயிருந்த விதி திருத்தப்பட்டதும் குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள். இந்திய உதவியுடனான 10,000 வீடுகளின் திட்டமும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

எனினும் கணக்கொன்றைப் பார்ப்போம். அவ்விந்தியத் திட்டத்திலே வீடொன்றுக்கான இந்திய உதவித்தொகை 28 இலட்சம் ரூபா. 2024இல் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. உணவுக்கும் உடைக்கும் பள்ளிக்கும் ஒரு சதமேனும் செலவிடாது முழுச் சம்பளத்தையும் சேர்த்தால், அத்தொகைக்கு 2,074 நாள் உழைக்க வேண்டும். மாதத்திற்கு 25 நாள் வேலை எனக் கொண்டால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். காணியின் விலை இக்கணக்கிலே சேரவில்லை. இரத்தினபுரியின் மழையிலோ, மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வேலை இல்லையேற் சம்பளமும் இல்லை. நகர மத்தியதர வர்க்கத்தினர்க்கே எட்டாதிருக்கும் வங்கிக் கடன், ஈடு வைக்கக் காணியும் நிலையான வருமானமும் இல்லாத இவர்களுக்கு எங்ஙனம் எட்டும்?

பெல்மதுளைக்கே உரிய இன்னுமொரு முரண்பாடும் உண்டு. இரத்தினக்கல் அகழ்வின் வருவாயிலே நிலச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு மரபாகவே உரியது. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தின்மேல் உழைத்தும் வாழ்ந்தும் வந்தவரிடம் உறுதி இல்லாமையால், நிலத்தின் மேலே விளைவதிலும் கீழே கிடைப்பதிலும் அவருக்குப் பங்கில்லை. குழியில் இறங்கும் கூலியாளாக மாத்திரமே அவர் இரத்தினபுரி என்னும் பெயரோடு உறவு கொள்கிறார். தோட்ட வேலையைக் கைவிட்டுக் கொழும்புக்கும் அயல் நகர்களுக்கும் செல்லும் இளைஞரோ இருமுனை நெருக்கடியிலே சிக்குகின்றனர். நகரிலே சம்பளத்தை வாடகை விழுங்குகிறது. தோட்டத்திலே பெயர் பதிந்த பெற்றோர் ஓய்வுபெற்றதும் காம்பிராவின் மீதான பிடியும் தளர்கிறது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். லயத்தின் இழிநிலையை அதன் பழமையாலோ நெருக்கத்தாலோ மாத்திரம் விளக்கிவிட முடியாது. உழைப்புக்கும் உறைவிடத்துக்கும் இடையே போடப்பட்ட முடிச்சே அதன் வேர். அம்முடிச்சு அவிழாதவிடத்துச் சுவரை வெளுப்பதாலும் தகரத்தை மாற்றுவதாலும் அடிப்படை மாற்றம் விளையாது. மாடி கட்டினும் அது மாடி லயமாகவே இருக்கும்.

எனவே, வீடு கட்டப்பட்ட எண்ணிக்கையை விட, கையளிக்கப்பட்ட உறுதியின் தன்மையே எமது அளவுகோலாதல் வேண்டும். அவ்வுறுதி வேலையிலிருந்து விடுபட்டதா? விற்கவும் ஈடுவைக்கவும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் இடந்தருகிறதா? கொழுந்து பறித்தும் பால்வெட்டியும் தோட்டத்தைத் தாங்கும் பெண்ணின் பெயரும் அதில் உண்டா? நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் அப்பால், தேர்தற் கணக்கிற் பெறுமதி குறைந்த பெல்மதுளைக்கும் கேகாலைக்கும் அது வந்து சேர்கிறதா? வீட்டுத் திட்டம் எதையும் இக்கேள்விகளைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.

வீட்டுறுதி சமத்துவ சமுதாயத்தைத் தந்துவிடும் என நாம் கருதவில்லை. கூலிப் போராட்டம் அதன் பின்னரும் தொடரும். ஆனால் கூரை பறிபோகும் என்ற அச்சமின்றி அப்போராட்டத்திலே நிற்க, உறுதி உள்ளவரால் இயலும். வீடு என்னும் சொல்லின் இரு பொருளும் சந்திக்கும் இடம் அதுவே.