ஆயுதப் பட்டியலில் ஒரு பூட்டு!

இலவசமாக ஒரு மென்பொருளைக் கொடுத்ததற்காகச் சிறைக்குப் போக நேருமா? அமெரிக்காவின் ஃபில் ஸிம்மர்மேனுக்கு அந்த ஆபத்து வந்தது.

அணு ஆயுத எதிர்ப்பாளரான இவர், 1991-ல் 'பிஜிபி' என்ற மென்பொருளை எழுதி வெளியிட்டார். மின்னஞ்சலை யாருக்கும் புரியாத சங்கேதமாக மாற்றிப் பூட்டிவிடும். உரியவரின் சாவியால்தான் திறக்க முடியும். அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார். இணையம் வழியே அது கடல் கடந்தது.

அங்கேதான் சிக்கல். வலுவான சங்கேத மென்பொருள்களை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று 1993-ல் விசாரணை தொடங்கியது. ஸிம்மர்மேன் அசரவில்லை. 1995-ல் எம்.ஐ.டி பதிப்பகம் மூல நிரலைப் புத்தகமாகவே அச்சிட்டது. மென்பொருளுக்குத்தானே தடை, புத்தகத்துக்கு இல்லையே! 1996-ல், குற்றச்சாட்டு எதுவும் பதியாமலே விசாரணை கைவிடப்பட்டது.

மூல நிரல் ஊருக்கே தெரிந்தால் ஆபத்தில்லையா? இல்லை. பூட்டின் அமைப்பு தெரிந்தாலும், சாவி இல்லாமல் திறக்க முடியாது. கள்ள வழி ஏதும் இருக்கிறதா என்று விவரம் தெரிந்த எவரும் சோதிக்கலாம்.

2016 முதல் வாட்ஸ்அப்பில் நம் உரையாடல்களைக் காக்கும் 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷ'னும் இதே பூட்டு-சாவி யோசனையில் பிறந்ததுதான். ஒரு காலத்தில் ஆயுதமாகக் கருதப்பட்ட பூட்டு, இன்று பாட்டியின் போனிலும் இருக்கிறது!