உங்களுக்குத் தெரியுமா? குளிர் தரையிலிருந்தும் ஏறும்!

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வதும் உள்ளே அடைத்திருக்கும் வாத்து இறகு அல்ல, இறகுக்கு நடுவே தங்கும் காற்று. நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் உள்ள இறகு நசுங்கி, காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும், பனித்தரையில் நல்ல விரிப்பு இல்லாமல் படுத்தால் இரவு முழுக்கப் பல் தந்தியடிக்கும்.

விரிப்பின் குளிர் தடுக்கும் திறனை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சாதாரண நுரை விரிப்புக்கு அது சுமார் 2. உறைபனியில் 5-க்கு மேல் இருப்பது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம்: 2-ம் 3.5-ம் சேர்ந்தால் 5.5. புது விரிப்புக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படுக்கும்போது வெந்நீரை மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் கால்மாட்டில் வைக்கலாம். காலையில் உறையாத குடிநீரும் ஆயிற்று!

பல பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். மூன்றாவது எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது அல்ல. குளிர்காலத்தில் லடாக், இமாச்சல் பக்கம் மலையேறப் போகிறவர்கள் வாடகைக்கு எடுத்தாலும் சரி, கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே பையை எடுங்கள்.