சுவரில் மறைந்திருந்த ஆண்டு

எஸ்பிஎம் வரலாற்றுத் தாளுக்கு நான் ஆண்டுகளை மனப்பாடம் செய்துதான் தேறினேன். அவற்றை யார், எப்படிக் கண்டறிந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பல்கலைக்கழக விடுமுறையில் ஜார்ஜியா நாட்டின் தென்பகுதியிலுள்ள வார்ட்சியா குகை மடத்துக்குச் சென்றபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

மலையைக் குடைந்து அடுக்கடுக்காக அமைத்த நூற்றுக்கணக்கான அறைகள் அங்கே உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் மன்னர் மூன்றாம் கியோர்கி தொடங்கிய பணியை அவர் மகள் அரசி தாமார் தொடர்ந்தார். அப்போது அறைகள் பாறைக்குள் மறைந்திருந்தன. 1283இல் நிலநடுக்கத்தால் மலைமுகப்பு சரிந்தது. அதனால்தான் இன்று அவை தேன்கூடுபோல் வெளியே தெரிகின்றன.

நடுவிலுள்ள மரியன்னை தேவாலயமும் பாறையில் குடைந்ததே. உள்ளே சுவரெங்கும் ஓவியங்கள். வடக்குச் சுவரில் கியோர்கியும் தாமாரும் நிற்கிறார்கள்.

"இதை எப்போது வரைந்திருப்பார்கள்?" என்று வழிகாட்டிப் பெண்மணி கேட்டார். நான் கைப்பேசியை எடுத்தேன்.

"அது வேண்டாம். சுவரைப் பாருங்கள்," என்றார்.

பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. அவரே விளக்கினார். தாமாரின் பெயருடன் கடவுள் நீண்ட ஆயுள் தரட்டும் என்ற வேண்டுதல் எழுதப்பட்டிருக்கிறது. தந்தையின் பெயருடன் அது இல்லை. ஆக, வரைந்தபோது அவர் உயிருடன் இல்லை. அவர் இறந்தது 1184இல். அடுத்து, மணமான பெண்கள் அணியும் தலைத்துணி தாமாரின் ஓவியத்தில் இல்லை. எனவே அவருக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. இந்த இரண்டையும் வைத்தே ஓவியத்தின் காலம் 1184க்கும் 1186க்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

எனக்குச் சிலிர்த்தது. இருப்பது மட்டுமல்ல, இல்லாததும் சான்றுதான்!

வீடு திரும்பியதும் திரங்கானு கல்வெட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1303 என்று பள்ளியில் ஒப்பித்த அதே கல்வெட்டு. ஆண்டைக் குறிக்கும் இடத்தில் கல் உடைந்திருப்பதால், அந்த ஆண்டைப் பற்றியே அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். இது தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தை இன்னும் ஆர்வத்தோடு படித்திருப்பேன்.

நண்பர்களே, அடுத்த முறை பாடநூலில் ஓர் ஆண்டைப் பார்த்தால் கோடிட்டுவிட்டுக் கடந்துவிடாதீர்கள். "இது எப்படித் தெரிந்தது?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வரலாறு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.